உங்கட ஆக்கள் ஆர்?

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தனிப் பெயராக எழுதினால் அவருக்குக் கோபம் வரும். தன் பெயர், தாயின் பெயர், தாயைப் பெற்றவளின் பெயர், தீவின் பெயர், அந்தத் தீவில் எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் வீடு என்ற விபரம், இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தால்தான் அவர் தன்னை அறிமுகப்படுத்திவிட்டதாக ஒத்துக்கொள்வார். எனக்கு அவ்வளவு இடமில்லை. கனடாவில், மல்வேர்னில், ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் எல்லோரும் அவரை ‘நீலக்கை அன்ரி’ என்றார்கள். கைகள் மணிக்கட்டுவரை நீலம். நகக்கண்ணில் அது கறுப்பாகவே படிந்திருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். “அப்ப நீ என்ர தங்கச்சி” என்றார். அதற்குப் பிறகு என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்காவில் தென் கரோலினாக் கரையோரத் தீவொன்றில் பிறந்தவர். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த, தங்களைக் ‘கல்லா’ என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்து, ஸ்கூல் பஸ் ஓட்டி, புருஷனைப் பறிகொடுத்து, பிறகும் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். அவர்களுக்குச் சோறு இல்லாமல் சாப்பாடு இல்லை என்று கேள்விப்பட்டதுமே எனக்குப் பாதி மனம் இளகிவிட்டது. அவர் பேசியது இங்கிலிஷ்தான், ஆனால் ரீவியில் வருகிற இங்கிலிஷ் அல்ல. இழுத்து, அமத்தி, நடுவில் ஒரு சிரிப்பையும் வைத்துப் பேசுவார். அதை நான் எங்கள் பேச்சில்தான் எழுதமுடியும். அவருக்கும் அதுதான் பொருந்தும்.

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்கும்போதே வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

“உங்கட ஆக்கள் ஆர்?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்தக் கேள்விக்கு ஒளித்துத்தான் நான் இவ்வளவு காலமும் இந்த ஊரில் சீவித்தேன். எங்கள் சனம் இதை இப்படி நேராகக் கேட்காது. முதலில் ‘எவடம்?’ என்று வரும். யாழ்ப்பாணம் என்றால் ‘யாழ்ப்பாணத்தில எவடம்?’ ஊரைச் சொன்னால் ‘கோயிலடியோ, றோட்டுக்கு அங்காலயோ?’ அதையும் சொன்னால் ‘அப்ப உங்களுக்கு இன்னாரைத் தெரியவேணுமே.’ இப்படி வளைத்து வளைத்து வந்து கடைசியில் சாதியில் முடியும். மோர்னிங்சைட் பக்கம் ஒரு பிளாசாவில் எனக்குத் தையல்கடை இருக்கிறது. சட்டைக்கு அளவெடுக்கும்போது இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. அதற்காகவே வாயில் குண்டூசி கவ்விக்கொண்டு நிற்பேன். வாயில் குண்டூசி இருக்கிறவளிடம் பதிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

என் அப்பா ஊர் உடுப்புத் தோய்த்தவர். மரியாதையாகச் சொல்வதென்றால் கட்டாடி. அந்த மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். படலைக்கு வெளியே நின்றுதான் மூட்டையை வாங்குவார். தேத்தண்ணி கொடுத்தால் அவருக்கென்று புறம்பாக வைத்திருந்த தகரப் பேணியில்தான் கொடுப்பார்கள். கனடாவில் நான் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. மகளுக்கு மட்டும் தெரியும். அவள் இங்கே பிறந்தவள். “ஸோ வட், அம்மா?” என்று கேட்டாள். ஸோ வட்டா? அவளுக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எல்லோருக்கும் சொல்வதுபோல ஊரை மறைத்து “டவுண்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையணை மூட்டையோடு உள்ளே போனேன். “டவுண் ஒரு ஆளில்லையே?” என்று பின்னால் குரல் கேட்டது.

அவர் எல்லோரையும் அப்படித்தான் கேட்டார். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளை தாயின் பெயரைச் சொல்லாமல் இருக்கையில் உட்கார முடியாது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்று பூனையின் பெயரைச் சொல்வார்கள். அவர் அதையும் நினைவில் வைத்திருந்து, அடுத்த நாள் பூனைக்குச் சுகமோ என்று கேட்பார். எங்கள் வரிசையில் யாருடைய தாய் ஆஸ்பத்திரியில், யாருடைய அண்ணன் வேலை மாறினான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியமுதல் அவருக்குத் தெரியும்.

தன் வீட்டு வாசல்நிலை, யன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் வெளிர்நீலம் அடித்திருந்தார். அவர்கள் தீவில் அது வழக்கமாம். பேய் தண்ணீரைத் தாண்டாது, நீலத்தைக் கண்டால் தண்ணீர் என்று நினைத்துத் திரும்பிவிடும். “உங்கட பேய்களுக்குக் கண் சரியாத் தெரியாது போல” என்றேன். “கண் தெரிஞ்சா அது ஏன் பேயாத் திரியுது?” என்றார். எல்லா வாசலும் ஒரே நிறத்தில்தான் இருக்கவேண்டும் என்று சொல்ல ரவுன்ஹவுஸ் நிர்வாகத்திலிருந்து ஒரு மனிதன் வந்தான். வந்தவனிடம் இதே கேள்விதான். நான் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் படியில் உட்கார்ந்து, கடலுக்குப் போய்த் திரும்பி வராத தன் தகப்பனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். போகும்போது கையில் ஒரு சட்டி சிவப்புச் சோறு. தக்காளி போட்டு அவர்கள் சமைக்கிற சோறு அது. நிலையின் நிறம் அப்படியே இருந்தது.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது சுண்ணாம்பால். பின்வளவில் பீப்பாய் மாதிரி மூடி போட்ட ஒரு பெரிய பறலில் நீலச்சாயம் வைத்திருந்தார். அவுரி இலையில் எடுக்கிற நீலம். குளிருக்கு அதை பேஸ்மென்றுக்கு இறக்கிவிடுவார். அதற்குச் சுண்ணாம்பும் இனிப்பும் தீனி. தீனி இல்லாவிட்டால் சாயம் செத்துவிடும் என்றார். வெற்றிலைச் சுண்ணாம்பும் உக்கிய வாழைப்பழமும் எங்கள் கடைகளில் கிடைக்காதா? ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே என்ன செய்கிறார் என்று பார்க்கும் ஆசைதான், வேறு நல்லெண்ணம் ஒன்றுமில்லை.

வெள்ளைத் துணியில் உருக்கிய மெழுகால் கோலம் கீறியிருந்தார், எங்கள் நாட்டில் பத்திக் செய்வதுபோல. பறலுக்குள் மெல்ல இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்துத் தூக்கிப் பிழிந்தார். வந்த துணி நீலமில்லை, மஞ்சளும் பச்சையுமாக வடிந்தது. ஏமாற்றமாகப் போய்விட்டது. பிறகு காற்றுப் பட்ட இடமெல்லாம் என் கண்முன்னே நீலமாக மாறத் தொடங்கியது. அப்பாவிடமும் நீலம் இருந்தது. வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிய வாளித் தண்ணீரில் துளி நீலம் போடுவார். எனக்குத் தெரிந்த நீலம் அவ்வளவுதான். நான் என்னை மறந்து பறலுக்குள் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ஆரின்ர பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு வை.”

“ஏன்? சாயத்துக்கும் சொல்லோணுமோ?”

“ஓம், இதுக்குத்தான் முதல் சொல்லோணும். என்ர ஆக்கள் நீலத் தோட்டத்தில இந்தத் தொட்டியளுக்க நிண்டு கிண்டினவை. நாத்தம், இலையான், காய்ச்சல். கனபேர் அதிலயே செத்துப்போச்சினம். துரை நீலத்தை நிறுத்து நிறுத்து எழுதினான். ஆக்களைத் தலையாத்தான் எண்ணினான். கனபேற்ற பேரை ஒருத்தரும் எழுதேல்லை. அதால என்ர அம்மா, பேர் சொல்லாம ஒருத்தரையும் இதைத் தொட விடமாட்டா. நானும் விடமாட்டன்.”

நான் நின்றேன். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வி ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்காகக் கேட்கிற கேள்வி. இந்த மனுஷி உள்ளே விடுவதற்காகக் கேட்கிறார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவுமில்லை.

“நான் கந்தையாவின்ர மகள்” என்றேன். “கந்தையா ஊர் உடுப்புத் தோய்ச்சவர். அம்மா பொன்னி. அவவும் தோய்ச்சவ.”

“அதுதானே பாத்தன்” என்றார் அவர். “நான் துணி பிழியேக்க நீ பாத்த பார்வை அப்பிடி. நீயும் துணி ஆக்கள்.” மணிக்கட்டை விட்டார். நான் இரண்டு கையையும் வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்ற முகமும் இல்லை. ஒரு நீளமான பருத்தித் துணியை விரித்து மெழுகுச் சட்டியை என் பக்கம் தள்ளினார். “உன்ர ஆக்களின்ர ஏதாவது கீறு.” எனக்குப் பூ வராது, அன்னம் வராது. அப்பாவின் குறிகள்தான் வந்தன. உடுப்புகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுத் துணியின் மூலையிலும் சேங்கொட்டைச் சாறால் ஒரு குறி போடுவார். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்குப் புள்ளியும் கோடும், வாத்தியார் வீட்டுக்குக் கொக்கி. எல்லாவற்றையும் கீறினேன், ஊர் முழுவதும் துணியில் வந்துவிட்டது.

“இதில உங்கட குறி எது?”

“எங்களுக்கு இல்லை. எங்கட உடுப்பு ஆரோடயும் மாறாது.”

“இப்ப போடு.”

நடுவில் ஒரு வட்டம் போட்டேன். அது சரியான வட்டமாக வரவில்லை. அவர் திருத்த விடவில்லை.

இதை வெளியில் சொல்லவேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களிடம் அதைச் சொல்லத் தேவையே இல்லை, சொல்லாமலே விளங்கும். அவருக்கு எங்கிருந்து விளங்கும்?

அந்தக் கோடையில் என் மகள் ஒரு பையனைக் கூட்டிவந்து காட்டினாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை. அமைதியான, நல்ல பிள்ளை. தகப்பன் இல்லை. தாயும் தாயின் தமக்கையும் முறையாக வந்து கதைக்க வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனோடு வந்தார்கள். அந்தப் பெரியம்மா ஊரில் பெரிய பள்ளிக்கூட ரீச்சர். அவ சரி என்றால் சரி, இல்லையென்றால் அந்தத் தாய் வாய் திறக்கமாட்டா என்று பையனே சொல்லியிருந்தான். நான் இஞ்சி போட்டுப் பால் தேத்தண்ணி ஊற்றி நல்ல கோப்பைகளில் வைத்தேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு பயந்து நான் கண்டதில்லை.

“அப்ப நீங்கள் டவுணில எவடம்?” என்று பெரியம்மா கோப்பையைக் கையில் எடுத்தபடி தொடங்கினா. அன்று என் வாயில் குண்டூசி இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. தட்டுகிற வழக்கம் நீலக்கை அக்காவுக்கு என்றைக்கும் இல்லை. பலமுறை முக்கி எடுத்துக் கரு நீலமாக்கி, மெழுகு உருக்கிக் கழுவிய அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விருந்தாளிகளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. துணியை விரித்துப் பிடித்தார். கரு நீலத்தில் வெள்ளை வெள்ளையாக அப்பாவின் குறிகள்.

“பாத்தீங்களே! இது தங்கச்சியின்ர தகப்பன்ர கை. கந்தையா. முழு ஊரின்ர உடுப்பையும் தோய்ச்சு, ஒண்டும் மாறாமல் வீடு வீடாக் குடுத்த மனுஷன். இது பெரிய துணி ஆக்களின்ர பிள்ளை. நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்.”

பெரியம்மாவின் வாயருகே போன கோப்பை மெல்லக் கீழிறங்கித் தட்டில் இருந்தது. எங்கள் சனத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த வீட்டில் இனி வாய் நனைக்கமாட்டேன். தாயும் தன் கோப்பையைத் தொடாமல் தமக்கையைப் பார்த்தா. பையன் நிலத்தைப் பார்த்தான். என் மகளின் கலியாணம் அந்தத் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

நீலக்கை அக்காவுக்குச் சாதி தெரியாது. ஆனால் குடிக்காமல் வைத்த கோப்பை தெரியும். கதிரையை இழுத்துப் பெரியம்மாவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

“நீங்கள்? உங்கட ஆக்கள் ஆர்?”

“நாங்கள் நல்ல குடும்பம்” என்றா பெரியம்மா, ரீச்சர் இங்கிலிஷில்.

“அது உங்களைப் பாத்தாலே தெரியுது. நான் பேரைத்தான் கேக்கிறன்.”

தகப்பன் பெயர் வந்தது. தகப்பனின் தகப்பன் பெயர் பட்டத்தோடு வந்தது. பெற்ற தாயின் பெயரும் வந்தது.

“சரி. தாயைப் பெத்தவ?”

பெரியம்மா வாயைத் திறந்தா. பிறகு தங்கையைப் பார்த்தா. தங்கை யோசித்தா.

“நாங்கள்… அம்மம்மா எண்டுதான் கூப்பிடுறது.”

“அது முறை. பேர் என்ன?”

இரண்டு பேருக்கும் பேர் தெரியாது. அக்கா நக்கலாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். இல்லை. அவருடைய முகம் அப்படியே விழுந்துவிட்டது. உண்மையான துக்கம். பெரியம்மாவின் கையைத் தன் நீலக் கைகளுக்குள் எடுத்தார்.

“ஐயோ, உங்களிட்டையும் பறிச்சுப் போட்டினமோ?”

தங்கைதான் கதைத்தா. வந்ததிலிருந்து அவ சொன்ன முதல் முழு வசனம் அது. “ஒருத்தரும் பறிக்கேல்லை. நாங்கள் கேக்கேல்லை.” சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தா. பெரியம்மா கையை விடுவித்து எழும்பினா. “சொல்லி அனுப்பிறம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார் திரும்பியதும் நான் அக்காவின் பின்வளவுக்குப் பாய்ந்தேன். “ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்? என்ர பிள்ளையின்ர வாழ்க்கை!” என்று கத்தினேன். சாதி என்றால் என்ன, பேணி என்றால் என்ன, கோப்பையை வைத்தால் என்ன அர்த்தம் எல்லாவற்றையும் தமிழும் இங்கிலிஷும் கலந்து கொட்டினேன். அவர் பறலை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார். நான் மூச்சு வாங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

“உன்ர பிள்ளைக்குக் கூடாதது நடந்தா நான் அழுவன்” என்றார். “ஆனா உன்ர அப்பாவின்ர பேரைச் சொல்லுறதுக்கு நான் ஆரிட்டையும் கேக்கமாட்டன். உன்னட்டையும்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கதைப்பதை நிறுத்தினேன். வேலிக்கு மேலால் தலை தெரிந்தால் உள்ளே போய்விடுவேன். வாழைப்பழம் வீட்டில் கறுத்து உக்கியது, கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மகள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவரை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே கடையில் அளவெடுக்கும்போது, வாயில் குண்டூசி வைக்க மறந்துபோயிருந்தேன். யாரோ ‘எவடம்?’ என்று கேட்டார்கள். ஊரையும் அப்பாவின் பெயரையும் தொழிலையும் சொல்லிவிட்டு, “கையைத் தூக்குங்கோ” என்றேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்த மனுஷி சட்டையைத் தைக்கத் தந்துவிட்டுத்தான் போனா. எங்கள் பக்கத்தில் நல்ல சட்டை தைக்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

பையனின் தாய் போன் எடுத்தா. “நாள் பாப்பம். அக்காவை நான் பாத்துக்கொள்ளுறன்” என்றா. நான் கறுத்த வாழைப்பழங்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வேலியடிக்கு ஓடினேன். அவர் வாங்கி மணந்து பார்த்து, “நல்லா உக்கியிருக்கு, இப்பதான் பதம்” என்றார். அவ்வளவோடு கோபம் முடிந்தது.

கலியாணத்தன்று அந்த நீலத்துணியை மணவறைக்கு நடந்து போகிற வழியில் விரிக்க நினைத்தேன். ஊர்க் கலியாணங்களில் அப்பா மற்றவர்களுக்கு அப்படித்தான் வெள்ளை விரித்தார். மிதித்த துணியைச் சுருட்டி வந்து மறுநாள் தோய்ப்பார். நீலக்கை அக்கா விடவில்லை. “இது ஆக்களின்ர வீடுகள். இதை மிதிக்கவோ?” என்றார். கதிரையில் ஏறி நின்று மண்டபத்து வாசலுக்கு மேலே தானே கட்டினார். கலியாண வீட்டில் நீலமோ என்று சனம் முணுமுணுத்தது. “ஓம், நீலந்தான்” என்றேன். வந்தவர்கள் எல்லோரும் அதற்குக் கீழால்தான் வந்தார்கள்.

பெரியம்மாவும் வந்தா. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தா, பிறகு தலையைக் குனிந்து உள்ளே வந்தா. நேரே நீலக்கை அக்காவிடம் போனா.

“நாகம்மா” என்றா. “லண்டனில இருக்கிற மச்சானிட்டைக் கேட்டு எடுத்தனான்.”

தன் நாக்குச் சரியாகப் புரளும்வரைக்கும் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார் அக்கா. பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அது அவவின் பசி, எனக்கு வேறு வேலை இருந்தது.

பனி தொடங்கமுதல் அவர் தீவுக்குப் போய்விட்டார். தமையன் இறந்துவிட்டார், தங்கள் நிலத்தில் தங்கள் ஆள் ஒருவர் இருக்கவேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் நிலைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். அதற்கு அடுத்த நாள் நான் என் வாசல்நிலைக்கு நீலம் அடித்தேன். நிர்வாகத்து மனிதன் வந்து பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் அவருக்குச் சுகமோ என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஞாயிறுகளில் போன் எடுப்பார். எடுத்ததும் ஒரே கேள்விதான். “உன்ர ஆக்கள் எப்பிடி?” பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வருவார். மகள், மருமகன், சம்பந்தி. போன ஞாயிறு கடைசியில், “நாகம்மாவின்ர பேத்தி எப்பிடி?” என்று பெரியம்மாவைக் கேட்டார்.

“முழங்கால் வருத்தமாம், அக்கா. நேற்று வந்தவ. தேத்தண்ணி குடிச்சவ.”

“குடிச்சவவோ?” என்று அக்கா கத்தினார்.

“சீனி காணாதாம். ரெண்டாந்தரம் போட்டுக் குடுத்தனான்.”